டெக் கேள்வி பதில்: ராமுக்குள்ள கிளாக் ஆடாம நிக்கணும்னா

கேள்வி: ஈசிஇ மூணாவது வருஷம் படிக்கிறேன். டிடிஆர் மெமரியில (கம்ப்யூட்டர் ராம்) கிளாக்கை சரிபண்ண டிஎல்எல் (டிலேவை கூட்டிக் குறைச்சு கிளாக்கை ஒத்துப்போக வைக்கிற சர்க்யூட்) இருக்குன்னு கிளாஸ்ல சொன்னாங்க. ஏன் அதுக்கு பதிலா ஆசிலேட்டர் வச்ச பிஎல்எல் வைக்கல? லாக் ஆன பிறகும் (எட்ஜ் ஒத்துப்போன பிறகும்) ஜிட்டர், அதாவது எட்ஜ் முன்னபின்ன ஆடுறது, வருதே, அதை எப்படி குறைக்கிறாங்க? மினி பிராஜெக்டுக்கு இதைத்தான் எடுத்திருக்கேன்.
— வாசகி, கோவை

பதில்: முதல்ல கையில இருக்கிற நேரம் எவ்ளோன்னு பாருங்க. பழைய டிடிஆர்-400ல கிளாக் 200 மெகாஹெர்ட்ஸ், ஒரு கிளாக்குல ரெண்டு பிட் போகும், அதனால ஒரு பிட்டுக்கு 2.5 நானோசெகண்ட் கிடைச்சுது. இன்னைக்கு டிடிஆர்5-6400ல கிளாக் 3200 மெகாஹெர்ட்ஸ், பிட்டுக்கு 156 பிக்கோசெகண்ட்தான், அதுக்குள்ள போர்டு ட்ராக்ல சிக்னல் போறதே சுமாரா ரெண்டரை சென்டிமீட்டர்.

சிப்புக்குள்ள வர்ற கிளாக் பஃபர், நீள ஒயர், அவுட்புட் டிரைவர்னு எல்லாத்தையும் தாண்டி வெளிய வரும்போது லேட்டாயிடும், லேட்டானா கூட பரவால்ல, சூடு ஏறினா ஒரு அளவு வோல்டேஜ் இறங்கினா இன்னொரு அளவுன்னு மாறிட்டே இருக்கும், அதான் தலைவலி. டிஎல்எல் என்ன பண்ணுதுன்னா, நடுவுல இன்னும் கொஞ்சம் டிலேவை சேர்த்து மொத்த லேட்டையும் முழு கிளாக் சைக்கிள் கணக்குக்கு கொண்டுவந்துடும், அப்ப டேட்டா எட்ஜ் வெளிய இருக்கிற கிளாக் எட்ஜோட போய் உக்காந்துக்கும். பஃபர், டிரைவர் ரெண்டோட டிலேவுக்கும் ஒரு நகல் உள்ளயே இருக்கும், அதை வச்சுதான் எட்ஜ் ரெண்டையும் ஒப்பிடுற ஃபேஸ் டிடெக்டர் டிலேவை கூட்டவா குறைக்கவான்னு முடிவு பண்ணும்.

பிஎல்எல்லுக்குள்ள சொந்தமா ஒரு ஆசிலேட்டர் ஓடுது, ஒரு சைக்கிள்ல விழுந்த பிழை அடுத்த சைக்கிளுக்கும் போகும், சேரும். டிலே லைன்ல அப்படி சேராது, எட்ஜ் வந்துச்சு போச்சு, அவ்ளோதான். ஆனா உள்ள வர்ற கிளாக்கே அழுக்கா இருந்தா டிஎல்எல் அதை அப்படியே வெளிய விட்டுடும், பிஎல்எல்தான் வடிகட்டும். சர்வர் ராம் ஸ்டிக்கோட ரெஜிஸ்டர் சிப்ல பிஎல்எல் இருக்கிறது இதனாலதான்.

இப்ப உங்க பிராஜெக்ட். நிறைய பேர் புது மாதிரி ஃபேஸ் டிடெக்டர் வரையறதுலயே செமஸ்டரை முடிச்சுடறாங்க, என்னைக் கேட்டா முதல் வில்லன் சப்ளை நாய்ஸ், அதாவது சப்ளை வோல்டேஜ் ஆடுறது. டிடிஆர்4ல 7.8 மைக்ரோசெகண்டுக்கு ஒரு தடவை, டிடிஆர்5ல 3.9க்கு ஒரு தடவை ரிஃப்ரெஷ் (டேட்டா அழியாம மறுபடி எழுதறது) வரும், அப்ப நிறைய ரோ (மெமரி வரிசை) ஒண்ணா எழுந்து கரண்டை இழுக்கும், வோல்டேஜ் சரியும், டிலே லைன்ல வரிசையா நிக்கிற ஒவ்வொரு இன்வெர்ட்டரும் துளித்துளியா மந்தமாகும், எல்லாம் சேர்ந்து எட்ஜ் நகர்ந்துடும். இதை லூப் உடனே பிடிக்காது, மெதுவாத்தான் நகரும். டிஎல்எல்லை ரீசெட் பண்ணா மறுபடி லாக் ஆக டிடிஆர்3லயே 512 கிளாக், டிடிஆர்4-3200ல 1024 கிளாக் காத்திருக்கணும். சரி லூப்பை வேகமாக்கிடுவோம்னு போனா அது நாய்ஸையே துரத்த ஆரம்பிச்சு நடுங்குற கையால கோடு போட்ட கதையாயிடும்.

அதனால டிலே லைனுக்குன்னு தனி ரெகுலேட்டர் குடுங்க. டிலே லைன்ல இருக்கிற செல் (ஒரு டிலே படி) எண்ணிக்கையை எவ்ளோ முடியுமோ அவ்ளோ குறைங்க, செல் குறைஞ்சா நாய்ஸ் நுழையற வாசலும் குறையும். பெரிய ஸ்டெப்புக்கு கேட் ஜோடி, சின்ன ஸ்டெப்புக்கு ஃபேஸ் இன்டர்போலேட்டர் (ரெண்டு எட்ஜுக்கு நடுவுல ஒரு எட்ஜ் உண்டாக்குற சர்க்யூட்), லாக் ஆனதும் சின்னது மட்டும் நகரட்டும். சின்னதுல இருந்து பெரிய ஸ்டெப்புக்கு தாவுற இடத்துல கிளிட்ச் வரும், வைவாவுல கண்டிப்பா கேப்பாங்க, சிமுலேஷன்ல அந்த இடத்தை வேணும்னே ஓட்டிப் பாருங்க.

டியூட்டி சைக்கிளையும் (ஒரு சைக்கிள்ல கிளாக் மேல எவ்ளோ நேரம், கீழ எவ்ளோ நேரங்கிற பங்கு) விட்டுடாதீங்க. ரெண்டு எட்ஜ்லயும் டேட்டா போகுது இல்லையா, 6400 வேகத்துல 52க்கு 48ன்னு சாஞ்சாலே ஒரு பாதி 162.5, இன்னொரு பாதி 150 பிக்கோசெகண்ட், குட்டையான பிட்டுக்கு 6 பிக்கோசெகண்ட் அவுட். டிடிஆர்5ல இதை கன்ட்ரோலரே திருத்துற மாதிரி டியூட்டி சைக்கிள் அட்ஜஸ்டர் சிப்லயே வச்சுட்டாங்க.

ஃபோன்ல இருக்கிற எல்பிடிடிஆர்ல டிஎல்எல்லே கிடையாது, பேட்டரியை மிச்சம் பிடிக்க எடுத்துட்டாங்க. எல்பிடிடிஆர்4ல அதுக்கு பதிலா ஒரு குட்டி ஆசிலேட்டர் இருக்கு, கன்ட்ரோலர் அது எத்தனை தடவை அடிச்சுதுங்கிற கவுண்ட்டை அப்பப்ப படிச்சு டிலே எவ்ளோ நகர்ந்திருக்குன்னு தெரிஞ்சுக்கும். எனக்கு இந்த ஐடியா ரொம்ப பிடிக்கும்.

கேள்வி: கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கேன். டிடிஆர்5 போர்டு முதல் தடவை ஆன் பண்ணா நிமிஷக்கணக்கா கறுப்பா நிக்குது, கஸ்டமர் போர்டு செத்துப்போச்சுன்னு தூக்கிட்டு வர்றார்.
— வாசகர், ஈரோடு

பதில்: அண்ணே, போர்டு சாகல, மெமரி ட்ரெயினிங் ஓடுது. ஒவ்வொரு டேட்டா லைனுக்கும் ஸ்ட்ரோபை (டேட்டாவை எப்ப பிடிக்கணும்னு சொல்ற சிக்னல்) கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி, எங்க எழுதினா எங்க படிச்சா பிழை வராதுன்னு கன்ட்ரோலர் தேடிட்டு இருக்கும். நடுவுல பவரை நிறுத்தினா மறுபடி முதல்ல இருந்துதான், பில்லோட ஒரு சீட்டுல இதை எழுதி குடுத்துடுங்க. ஏஎம்டியோட ஏஎம்5 சாக்கெட் போர்டா இருந்தா பயாஸ்ல மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்னு ஒண்ணு இருக்கும், ஆன் பண்ணா பழைய அளவையே எடுத்துக்கிட்டு சட்டுனு பூட் ஆகும், ஆனா அடிக்கடி ப்ளூ ஸ்கிரீன் வந்தா முதல்ல அதை ஆஃப் பண்ணி பாருங்க.

2024ல வந்த சியுடிம்ங்கிற டிடிஆர்5 ராம் ஸ்டிக்ல கிளாக்கை புதுசா அடிச்சு அனுப்புற சிப் ஒண்ணு இருக்கு, சப்போர்ட் இருக்கிற போர்டுல போட்டாத்தான் அதுக்கு குடுத்த காசுக்கு பலன். அப்புறம் கஸ்டமர் நாலு ஸ்லாட்டையும் ரொப்ப சொன்னா கொஞ்சம் யோசிக்க சொல்லுங்க, ரைசன் 7000 ப்ராசஸர்ல ரெண்டு ஸ்டிக்குக்கு ஏஎம்டி சொல்ற வேகம் டிடிஆர்5-5200, நாலு போட்டா டிடிஆர்5-3600.