துங்ரோ தாங்கும் என்ற ரகம் ஏன் மஞ்சளடித்தது?

மன்னார்குடிப் பக்கமிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார்: "துங்ரோ வராது என்று சொல்லிக் கொடுத்த நெல் ரகத்தைப் போன வருடம் தாளடியில் நட்டேன், நன்றாக வந்தது. இந்த வருடமும் அதே ரகம், அதே கடை விதை. நட்டு 30 நாளில் திட்டுத் திட்டாக ஆரஞ்சு கலந்த மஞ்சள், பயிரும் குட்டையாகிவிட்டது. 'வைரஸ் மாறிவிட்டது, அதற்கென்று புது மருந்து வந்திருக்கிறது' என்கிறார் கடைக்காரர். விதை போலியா? வைரஸ் ஒரே வருடத்தில் மாறிவிடுமா? இந்த வயலில் விதை எடுக்கலாமா?"

ஐயா, மருந்து விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வாங்காதீர்கள். துங்ரோ என்பது பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் வைரஸ் நோய். நெற்பயிருக்குள் போய்விட்ட வைரஸைக் கொல்லும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. அந்தப் பெயரில் விற்கப்படுவதைப் பார்த்தால் பூஞ்சாணக் கொல்லியாக இருக்கும், நுண்ணூட்டக் கலவையாக இருக்கும், இல்லையென்றால் பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக் தூளாக இருக்கும். அடித்தபின் பயிர் தேறியதாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த வயலில் இருந்தது துத்தநாகக் குறையாக இருந்திருக்கும், கலவையில் இருந்த துத்தநாகம் அதைச் சரிசெய்திருக்கும். நோயைத் தாங்கும் ரகங்களில் வயது ஏற ஏற மஞ்சள் தானாகவே ஓரளவு தணிவதும் உண்டு. பெயர் மட்டும் பாட்டிலுக்குப் போய்விடுகிறது. வருடா வருடம் இந்த வியாபாரம் நடக்கிறது, கடன் வாங்கி அடிப்பவர்களும் இருக்கிறார்கள். இதைக் கேட்க ஆளில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

உங்கள் வயலில் இருப்பது துங்ரோதானா என்று பாருங்கள். காலை 6 மணிக்கு முன்பு, வெயில் படுவதற்குள், மஞ்சள் இலையின் நுனியில் 10 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். 100 மி.லி. தண்ணீரில் 2 கிராம் அயோடினும் 6 கிராம் பொட்டாசியம் அயோடைடும் கலந்த கரைசலில் 15 நிமிடம் போட்டுவிட்டுக் கழுவிப் பாருங்கள். கருநீலக் கோடுகள் தெரிந்தால் பெரும்பாலும் துங்ரோதான். நல்ல பயிர் பகலில் சேர்த்த மாவுச்சத்தை இரவில் செலவழித்துவிடும். நோய்ப்பட்ட இலையில் அது அப்படியே தேங்கி நிற்கும், அதைத்தான் அயோடின் காட்டுகிறது. பள்ளிக்கூட வேதியியல் ஆசிரியரிடம் கேட்டால்கூட இந்தக் கரைசலைச் செய்து தந்துவிடுவார். இவ்வளவு எளிதான சோதனையை ஒவ்வொரு வட்டாரத்திலும் செய்து கொடுத்தால் பாதி விவசாயிகள் மருந்துக் கடைப் பக்கமே போக மாட்டார்கள்.

விதை போலியா? இருக்கலாம். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது அதை இல்லை. மூட்டையில் சான்று விதைக்கான நீல அட்டை இருந்ததா பாருங்கள், ரசீதையும் அட்டையையும் பத்திரமாக வையுங்கள், சந்தேகம் இருந்தால் விதை ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அட்டை இல்லாமல் வண்டியில் கொண்டுவந்து "புது ரகம், எந்த நோயும் வராது" என்று விற்கும் தரகரிடம் எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். ஆனால் நீல அட்டைக்கும் ஓர் எல்லை உண்டு. 98 சதவீதம் சுத்தம், குறைந்தது 80 சதவீதம் முளைப்பு என்பதற்குத்தான் அது உத்தரவாதம். இந்த வருடத் துங்ரோவை அந்த ரகம் தாங்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. ரகம் வெளியானபோது எழுதிய 'எதிர்ப்புத் திறன் கொண்டது' என்ற வரி, வயலில் நிலைமை மாறிப் பல வருடம் ஆனபிறகும் கையேட்டில் அப்படியே இருக்கிறது. அதைத் திருத்த இவ்வளவு தயக்கம் ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை.

சரி, வைரஸ் மாறியதா?

துங்ரோவுக்குக் காரணம் இரண்டு வைரஸ்கள். குச்சி வடிவ வைரஸ்தான் பயிரை மஞ்சளாக்கிக் குட்டையாக்குகிறது. உருண்டை வடிவ வைரஸ் தனியாக வந்தால் பயிரில் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது, ஆனால் அதன் துணையில்லாமல் பச்சைத் தத்துப்பூச்சியால் முதல் வைரஸைச் சுமக்க முடியாது. ஆக நெல்லுக்கு எதிரிகள் மூன்று: பூச்சியும் இரண்டு வைரஸ்களும். 'துங்ரோ எதிர்ப்பு ரகம்' என்று சொல்லும்போது இவற்றில் எதை எதிர்க்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பழைய ஐ.ஆர். ரகங்கள் பலவற்றில் இருந்தது பூச்சிக்கு எதிரான குணம். அந்தப் பயிரின் சாற்றைப் பூச்சியால் சரியாக உறிஞ்ச முடியாது, அதனால் வைரஸும் ஏறாது. ஆனால் ஒரு பூச்சிக் கூட்டத்தில் அந்தச் சாற்றையும் குடித்துப் பிழைக்கும் சில பூச்சிகள் எப்போதும் இருக்கும். ஊர் முழுக்க ஒரே ரகம் நின்றால் அவைதான் பெருகும். ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு தலைமுறை என்பதால் சில வருடங்களிலேயே ரகம் தோற்றுவிடும். பிலிப்பைன்ஸில் ஐ.ஆர்.54, ஐ.ஆர்.64 போன்றவை இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. இதில் வைரஸ் ஒரு துளியும் மாறவில்லை, மாறியது பூச்சி.

வைரஸே மாறுவதும் உண்டு. நம் திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம்.6 ரகத்தைப் பாருங்கள். ஐ.ஆர்.20 ரகத்தின் பெற்றோரில் ஒன்று அதுதான். உருண்டை வைரஸின் சாதாரண வகை அதற்குள் பெருக முடியாது. ஆனால் பிலிப்பைன்ஸில் வி.டி.6 என்று பெயரிட்ட இன்னொரு வகையைக் கண்டுபிடித்தார்கள், அது டி.கே.எம்.6 ரகத்தையும் தாக்குகிறது. இது எப்படி நடக்கிறது? வைரஸுக்குச் சொந்தமாகப் புரதம் செய்யும் வசதி கிடையாது. நெல்லின் புரதங்களைப் பிடித்துத்தான் தன் வேலையை நடத்திக்கொள்ளும். இந்தோனேசியாவின் உத்ரி மேரா என்ற பாரம்பரிய நெல்லில் அந்த வேலைக்குத் தேவையான ஒரு புரதம் சற்றே வேறுமாதிரி இருக்கிறது, அதனால் உருண்டை வைரஸுக்குப் பிடி கிடைப்பதில்லை. ஆனால் வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது பிழைகள் விழுந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான பிழைகள் அதற்கே கேடு. எப்போதாவது ஒரு பிழை அந்த மாறிய புரதத்தையும் பிடிக்க வழி செய்துவிடும். ஆப்பிரிக்காவில் நெல் மஞ்சள் தேமல் என்ற வேறொரு நோயின் வைரஸில் இதைத் துல்லியமாகக் காட்டியிருக்கிறார்கள்: மொசாம்பிக்கின் ஜிகான்டே ரகத்தின் எதிர்ப்பை உடைக்க, வைரஸின் ஒரு புரதத்தில் ஓரிரு இடங்கள் மாறினாலே போதுமாக இருந்தது.

உங்கள் வயலில் ஒரே வருடத்தில் புது வைரஸ் பிறந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. போன வருடம் தத்துப்பூச்சியே குறைவாக இருந்திருக்கலாம். ஒரு வருடம் நன்றாக வந்தது ரகத்தின் பலத்துக்குச் சாட்சி ஆகாது. இல்லையென்றால், சுற்றுவட்டாரம் முழுக்க அதே ரகத்தை நட்டு, அதில் பிழைக்கும் பூச்சியை நாமே வளர்த்திருப்போம்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பச்சையாக நிற்கும் பயிரெல்லாம் சுத்தமான பயிர் இல்லை. உருண்டை வைரஸ் மட்டும் இருக்கும் பயிர் பார்க்க அருமையாக இருக்கும். நோயைத் தாங்கும் ரகம் இரண்டு வைரஸையும் உள்ளே வைத்துக்கொண்டே ஓரளவு விளைந்துவிடும். மகசூல் வந்தால் போதாதா என்று கேட்பீர்கள். உங்களுக்குப் போதும், பக்கத்து வயலுக்குப் போதாது. பூச்சி உங்கள் பயிரிலிருந்துதான் வைரஸை அங்கே எடுத்துப் போகிறது. அதோடு, உயிரோடு இருக்கும் ஒவ்வொரு நோய்ப் பயிரிலும் வைரஸ் பெருகிக்கொண்டே இருக்கிறது, பிழைகளும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. எதிர்ப்பது வேறு, தாங்குவது வேறு. ரகம் வாங்கும்போது வேளாண் அலுவலரிடம் இதைக் கேளுங்கள். பூச்சிக்கா, வைரஸுக்கா, இல்லை தாங்கும் சக்தி மட்டுமா என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இப்போதைய பயிருக்கு: யூரியாவை அள்ளிப் போடாதீர்கள், பூச்சி கூடும். மஞ்சளடித்த குத்துகள் குறைவாக இருந்தால் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். துங்ரோ உள்ள பகுதியில் குத்துக்கு 2 தத்துப்பூச்சி தெரிந்தால் அலுவலர் சொல்லும் பூச்சிக்கொல்லியை அடிக்கலாம், அது பூச்சிக்கு மட்டும்தான். கதிர் வந்த பயிருக்கு இந்த நோய்க்காகச் செலவழிக்காதீர்கள். அடுத்த முறை நாற்றங்காலில்தான் கவனம் வேண்டும். 20 சென்ட் நாற்றங்காலுக்கு 12.5 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடுங்கள். அக்கம்பக்கத்தாரோடு பேசி நடவை ஒரே சமயத்தில் முடித்துவிட்டு, ரகத்தை மாற்றி மாற்றி நடுங்கள். இந்தோனேசியாவின் தெற்கு சுலாவெசியில் நடவுக் காலத்தையும் ரகச் சுழற்சியையும் சேர்த்துத்தான் துங்ரோவை அடக்கினார்கள்.

விதை எடுக்கலாம். துங்ரோ விதை வழியாகவும் மண் வழியாகவும் பரவாது. மஞ்சள் திட்டில் பதர்தான் அதிகம் இருக்கும், அதை விட்டுவிட்டு நல்ல பகுதியில் எடுங்கள். அறுவடைக்குப் பிறகு தழைக்கும் மறுதாம்பைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பூச்சி சில நாளில் வைரஸை இழந்துவிடும், முட்டைக்கும் அது போகாது, அதனால் ஒவ்வொரு முறையும் நோயுள்ள உயிர்ப்பயிர் அதற்கு வேண்டும். உளுந்து தெளிப்பதற்கு முன்பே நோய்த் திட்டுகளில் உள்ள குத்துகளை வேரோடு எடுத்துவிடுங்கள். மோட்டார் தண்ணீர் இருந்து குறுவை போடுவதாக இருந்தால், நாற்றங்காலை அந்தத் திட்டுகளிலிருந்து தள்ளிப் போடுங்கள்.