விமானத்திலிருந்து குதிக்கத் துணிச்சல் எவ்வளவு வேண்டும், உடற்தகுதி எவ்வளவு வேண்டும்?

கேள்வி கேட்டவர் வேலூரில் பொறியியல் படிக்கும் மாணவர் என்று குறிப்பிட்டிருக்கிறார். ஸ்கைடைவிங்குக்கு அசாத்தியத் துணிச்சலும் கட்டுமஸ்தான உடலும் வேண்டுமா, நம் ஊரில் இருந்துகொண்டு இதைக் கற்றுக்கொள்ள வழி உண்டா என்பவை அவருடைய ஐயங்கள். கணியம்பாடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, இராணுவத்தின் பாராசூட் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, இன்றும் வாய்ப்பு அமையும்போது குதித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததையும், அதோடு என் சொந்தக் கருத்துகளையும் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணிச்சல், பெங்களூர் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டும் எல்லாரிடமும் போதுமான அளவு இருக்கிறது. தட்டுப்பாடெல்லாம், ஏற்கெனவே சரிபார்த்ததை மறுபடியும் சலிக்காமல் சரிபார்க்கும் பொறுமைக்குத்தான்.

வடாற்காட்டுக்காரர்களுக்கு இராணுவம் புதிதன்று. கண்ணமங்கலத்துக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே அழைக்கும் அளவுக்கு அங்கிருந்து தலைமுறை தலைமுறையாகப் படைக்குப் போயிருக்கிறார்கள். பாராசூட் படைக்குத் தேர்வாகிறவர்கள் ஆக்ராவிலுள்ள பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்படுவார்கள். அங்கே இரவுக் குதிப்பு ஒன்றையும் சேர்த்து ஐந்து முறை குதித்தால்தான் சீருடையில் பாராசூட் சின்னம் அணியலாம். 2015-ஆம் ஆண்டு மகேந்திர சிங் தோனி சுமார் 1,250 அடி உயரத்தில் பறந்த ஏஎன்-32 விமானத்திலிருந்து குதித்துச் சின்னம் பெற்றது இந்தப் பயிற்சியில்தான். இதில் பாராசூட்டைக் குதிப்பவர் திறப்பதில்லை. விமானத்தின் உள்ளே கட்டப்பட்ட ஒரு பட்டை, அவர் வெளியேறியதும் இழுபட்டு அதைத் திறந்துவிடுகிறது. அந்த வரிசையில் நிற்கும்போது துணிச்சலைத் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை; பச்சை விளக்கு எரிந்ததும் முன்னால் இருப்பவர் போகிறார், பின்னால் இருப்பவர் நெருக்குகிறார், நடுவில் இருப்பவரும் போய்ச் சேர்கிறார்.

விளையாட்டாகச் செய்யப்படும் ஸ்கைடைவிங் வேறு வகையைச் சேர்ந்தது. பெரும்பாலும் 10,000 முதல் 14,000 அடி உயரத்தில் விமானத்தை விட்டு வெளியேறி, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பாராசூட் திறக்காமல் விழுகிறோம். இதைத்தான் ஃப்ரீஃபால் என்கிறார்கள். வயிறு தரையைப் பார்த்தபடி விழும் ஒருவரின் வேகம் பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டரை எட்டி, அதற்கு மேல் கூடாமல் நின்றுவிடும், ஏனெனில் அந்த வேகத்தில் காற்றின் தடை உடலின் எடைக்குச் சமமாகிவிடுகிறது. ராட்டினத்தில் வருவதுபோல் அடிவயிறு கலங்குமா என்று பலர் கேட்கிறார்கள். விமானத்தின் முன்னோக்கிய வேகத்தோடுதான் நாம் வெளியே வருகிறோம் என்பதால் அந்த உணர்வு மிகக் குறைவு. பெருங்காற்றின் மேல் படுத்திருப்பதாகத்தான் உடல் உணரும். தரை நெருங்குவதைக் கண் உடனே கண்டுபிடிக்காது. ஆபத்தே அதுதான். ஆகவே கண்ணை நம்பாமல் மணிக்கட்டில் கட்டிய உயரமானியை நம்பும்படி பழக்குகிறார்கள். மாணவர்கள் சுமார் 5,500 அடியிலேயே பாராசூட்டைத் திறந்துவிட வேண்டும்.

முதல் பாராசூட் சரியாக விரியாவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயிற்சியின் பெரும்பகுதி. ஒரு பிடியை இழுத்தால் கெட்டுப்போன பாராசூட் தோளிலிருந்து கழன்று போகும். இன்னொரு பிடியை இழுத்தால் அவசரத்துக்கென வைத்திருக்கும் ரிசர்வ் பாராசூட் வரும். தோள்பட்டையில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோக்கப்பட்ட மூன்று வளையங்கள், பெரும் பாரத்தைச் சிறு விசையால் விடுவிக்கும் அந்த அமைப்பு, அமெரிக்கரான பில் பூத் 1970-களில் உருவாக்கியது. குதிப்பவர் மயங்கிவிட்டாலோ உயரத்தை மறந்துவிட்டாலோ ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவியும் உண்டு. 1991-இல் ஜெர்மனியிலிருந்து வந்த சைப்ரஸ் என்னும் கருவி, வழக்கமான அமைப்பில், தரையிலிருந்து சுமார் 750 அடியில் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஒருவர் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வை மூடியிருக்கும் கயிற்றை அறுத்துவிடும். இவற்றையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும், தரையில் தொங்கவிடப்பட்ட பட்டைகளில் ஆடியபடி, பிடிகளைப் பார்த்து, பிடித்து, இழுக்கும் செய்கையை நூற்றுக்கணக்கான முறை செய்யச் சொல்வார்கள். இங்கேதான் வீரர்கள் சலித்துக்கொள்கிறார்கள், பொறுமைசாலிகள் தேறுகிறார்கள்.

ஆபத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2023-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 36.5 இலட்சம் குதிப்புகள் நடந்தன. பத்துப் பேர் உயிரிழந்தார்கள் என்று அந்நாட்டுப் பாராசூட் சங்கம் கணக்குக் காட்டுகிறது. இந்தியச் சாலைகளில் 2022-இல் மட்டும் 1,68,491 பேர் இறந்தார்கள். இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஸ்கைடைவிங் பாதுகாப்பானது என்று வாதாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் சாலையில் கோடிக்கணக்கானவர்கள் தினமும் போகிறார்கள், விமானத்திலிருந்து குதிப்பவர்கள் அவர்களோடு ஒப்பிட்டால் மிகச் சிலரே. பயிற்றுநர்களுக்கும் விதிவிலக்கில்லை. இந்திய விமானப்படையின் ஆகாஷ் கங்கா என்னும் ஸ்கைடைவிங் அணியைச் சேர்ந்த அனுபவமிக்க பயிற்றுநர் ஒருவர் 2025 ஏப்ரலில் ஆக்ராவில் பயிற்சிக் குதிப்பின்போது இறந்தார்.

இருந்தாலும், பாராசூட் விரியாமல் போவதே பெரிய ஆபத்து என்று பொதுமக்கள் நினைப்பது சரியன்று. உயிரிழப்புகளில் கணிசமானவை நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழேயே நிகழ்கின்றன. வேகமான சிறிய பாராசூட்டை அனுபவத்துக்கு முன்பே வாங்கிக்கொண்டு, தரைக்கு அருகில் கூர்மையாகத் திருப்பி, காண்பவர் கைதட்ட வேண்டும் என்று இறங்க முயல்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம். தலைக்கவசத்தில் கேமரா பொருத்துவதையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். 200 குதிப்புகளாவது முடிக்காதவர் கேமரா எடுத்துச் செல்லக் கூடாது என்று அமெரிக்கச் சங்கம் அறிவுறுத்துகிறது. நம் இளைஞர்கள் முதல் குதிப்புக்கே ரீல்ஸ் எடுக்க முடியுமா என்று கேட்கிறார்கள். டேண்டம் முறையில் பயிற்றுநரோடு கட்டப்பட்டுக் குதிக்கும்போது அவரே எடுத்துத் தருவார், அத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

உடற்தகுதிக்கு வருகிறேன். கோட்டை மைதானத்தில் என்னோடு காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர், "என்னா சார், இந்த வயசுல மேலேர்ந்து குதிச்சா மாரடைப்பு வராதா?" என்று கேட்பது வழக்கம். இரத்த அழுத்தமும் இதயமும் கட்டுக்குள் இருப்பதாக மருத்துவர் சொன்னால் ஐம்பது வயதைக் கடந்தவரும் குதிக்கலாம். அறுபதைத் தாண்டியவர்களோடு நானே விமானத்தில் அமர்ந்திருக்கிறேன். தசைப்பெருக்கம் இதில் பெரிதாக உதவுவதில்லை. அக்னிவீர் தேர்வுக்காக நேதாஜி விளையாட்டரங்கில் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்கிறேன். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண், பத்து முறை கம்பியில் தொங்கி உடலை உயர்த்தினால் முழு மதிப்பெண் என்று அவர்களுக்கு அளவுகோல் தெளிவாக இருக்கிறது. அந்த ஓட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் ஓடும் பிள்ளைகளில் பாதிப் பேர் தேய்ந்த காலணியோடு தார்ச்சாலையில் ஓடி முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும், நான்கு ஆண்டுப் பணிக்குப் பிறகு நால்வரில் ஒருவருக்கே நிரந்தர இடம் என்ற திட்டத்தில் அந்த முழங்கால் மீதி மூவருக்கும் வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் என்பதையும் யாரும் அவர்களிடம் எடுத்துச் சொல்வதில்லை.

குதிப்பவருக்கு வேண்டியவை கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து, தோள் ஆகியவற்றின் நலம். தரையிறங்கும்போது இரண்டு பாதங்களையும் முழங்கால்களையும் ஒட்டி வைத்து, பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் பக்கவாட்டு என்று வரிசையாக உருண்டு அதிர்ச்சியைப் பகிர்ந்துகொள்வது இராணுவத்தில் முதல் நாளே கற்பிக்கப்படும் பாடம். கையை ஊன்றித் தடுக்கப் பார்த்தால் மணிக்கட்டு போய்விடும். தோள் மூட்டு ஒருமுறை விலகியவர்கள் மருத்துவர் அனுமதியின்றி இதில் இறங்கவே கூடாது. விழும் வேகத்தில் கை பின்னால் தள்ளப்பட்டு மீண்டும் விலகினால் பிடியை இழுக்க முடியாமல் போகும். சளி பிடித்திருக்கும் நாளில் குதித்தால், சில நிமிடங்களுக்குள் காற்றழுத்தம் ஏறும் வேகத்துக்குக் காது ஈடுகொடுக்காமல் தாங்க முடியாத வலி எடுக்கும். டேண்டம் குதிப்புக்கு 90 முதல் 100 கிலோ வரை என்று எடை வரம்பு வைத்திருப்பார்கள். கேழ்வரகுக் களியும் கீரையும் சாப்பிட்டு, தினமும் நடந்து, குந்தி உட்கார்ந்து எழும் பழக்கத்தை விடாமல் வைத்திருப்பவருக்குப் புரதப் பொடி தேவையில்லை என்பது என் கருத்து. ஆம்பூர் பிரியாணியை நான் விட்டுவிடச் சொல்லவில்லை. குதிப்பதற்கு முந்தைய இரவு மட்டும் வேண்டாம், தூக்கம் கெடும்.

முதுகுத்தண்டைப் பற்றி வேலூர்க்காரன் என்ற முறையில் ஒரு சொல். சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் இருக்கிறது. விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியிலிருந்தபடியே அறுவை செய்த மருத்துவர் மேரி வர்கீஸ் 1960-களில் உருவாக்கிய இடம் அது. முதுகுத்தண்டு அடிபட்டு வருபவர்களில் மரத்திலிருந்து விழுந்தவர்களும் இருசக்கர வண்டியில் அடிபட்டவர்களுமே நம் பக்கத்தில் அதிகம். பாராசூட்டில் குதிக்க ஆசைப்படும் பிள்ளைகள் அங்கே ஒரு முற்பகல் போய், நோயாளிகள் ஒரு சட்டையைத் தாமாக அணிந்துகொள்ள எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தால், பயிற்றுநர் எதையாவது பத்தாவது முறை செய்யச் சொல்லும்போது முகம் சுளிக்க மாட்டார்கள்.

இனி நடப்புச் செய்திகள். ஒன்றிய அரசு 2022 ஜூனில் தேசிய வான்விளையாட்டுக் கொள்கையை வெளியிட்டது. ஸ்கைடைவிங், பாராகிளைடிங், வெப்பக்காற்று பலூன் உள்ளிட்ட பதினொரு விளையாட்டுகள் அதில் அடங்கும். 2024 ஜூலையில் உலக ஸ்கைடைவிங் நாளன்று ஒன்றிய சுற்றுலா அமைச்சர் கஜேந்திர சிங் ஷெகாவத் ஹரியானாவின் நார்நௌலில் டேண்டம் முறையில் குதித்துக் காட்டினார். வரவேற்கத்தக்கதுதான். ஆனால் தமிழ்நாட்டில் ஒருவர் முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் இன்னமும் வடக்கே போக வேண்டும், அல்லது துபாய், தாய்லாந்து என்று கடல் தாண்ட வேண்டும். ஏலகிரியில் நடந்த பாராகிளைடிங்கை நினைத்துக்கொண்டு சிலர், அங்கேயே போகலாமே என்கிறார்கள். மலைச்சரிவிலிருந்து ஏற்கெனவே விரித்த துணியோடு பறந்து எழுவது அது. விமானத்திலிருந்து விழுந்து துணியைத் திறப்பது இது. ஒன்றில் பெற்ற பழக்கம் மற்றதற்கு நேரடியாக உதவாது.

அப்துல்லாபுரம் விமானத்தளத்தை இதற்குக் கொடுத்தால் என்ன என்று உள்ளூரில் அடிக்கடி பேசப்படுகிறது. சிறு நகரங்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில் சீரமைக்கப்பட்ட அந்தத் தளத்தைப் பயணிகள் விமானத்துக்கே விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன். சி.எம்.சி.க்கு வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கத்திலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வரும் நோயாளிகளைப் பார்க்கிறவர்களுக்கு அதற்கான காரணம் விளங்கும். மேலும் தளத்தை ஒட்டி நெடுஞ்சாலையும் மின்கம்பிகளும் குடியிருப்புகளும் இருக்கின்றன. தனியாகக் குதிக்கும் மாணவர் இறங்கும் இடத்தைச் சுற்றி நூறு மீட்டருக்காவது தடை எதுவும் இருக்கக் கூடாது. வேலூரின் வெயில் இன்னொரு தடை. சித்திரை, வைகாசியில் மதிய நேரத்துச் சூடான காற்று அடர்த்தி குறைந்திருப்பதால் பாராசூட் வழக்கத்தைவிட வேகமாக இறங்கும். பாறைக்குன்றுகளும் காய்ந்த பாலாற்று மணலும் கக்கும் வெப்பத்தில் எழும் சுழற்காற்று, தரைக்கு அருகில் துணியை மடக்கிவிடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுபாதை உள்ள உளுந்தூர்பேட்டை போன்ற சமவெளிகளில், மார்கழி தொடங்கி மாசி வரை காலை நேரங்களில் மட்டும் முகாம் நடத்தினால் போதும். அதற்கு மாநில அரசின் விளையாட்டுத் துறை ஓர் ஆண்டுக்கு முயன்று பார்க்கலாம்.

பாராசூட் தொழில்நுட்பத்தில் நாடு பின்தங்கியிருக்கவில்லை. 2025 ஆகஸ்டில், மனிதரை விண்வெளிக்கு ஏற்றிச்செல்லவிருக்கும் ககன்யான் விண்கலத்தின் மாதிரியைச் சின்னூக் ஹெலிகாப்டரிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உயரத்தில் விடுவித்துப் பாராசூட்டுகளைச் சோதித்தார்கள். ஐந்து டன்னுக்குச் சற்றே குறைந்த எடையை அவை கடலில் இறக்கின. அதே ஆண்டு அக்டோபரில் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய போர்ப்பயன் பாராசூட்டை அணிந்து விமானப்படையினர் 32,000 அடியிலிருந்து குதித்தார்கள். இத்தனை செய்யும் நாட்டில் பொதுமக்களுக்கான பயிற்சி மையங்கள் ஒரு கையில் அடங்குவதற்கு விமானமும் எரிபொருளும் காப்பீடும் விலை கூடியிருப்பதே காரணம். ஒரு டேண்டம் குதிப்புக்கு முப்பதாயிரம் ரூபாயை ஒட்டிக் கேட்கிறார்கள்.

கேட்ட மாணவருக்கு நான் சொல்வது, முதலில் ஒரு டேண்டம் குதித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்துப் பயிற்சியில் சேருங்கள். அமெரிக்க முறையில் முதல் நிலை உரிமத்துக்கு 25 குதிப்புகள் தேவை. பணம் கட்டுவதற்கு முன், விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள்; ரிசர்வ் பாராசூட்டை உரிமம் பெற்றவர் கடைசியாக மடித்த தேதி எழுதிய அட்டையைப் பாருங்கள்; தானியங்கிக் கருவி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். மாணவர்களைக் குதிக்கவிடும் காற்றின் வேக வரம்பு என்ன என்பதையும் கேளுங்கள். தனியாகக் குதிப்பவர்களுக்கு மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் என்று சொன்னால் வேறு இடம் பார்க்கலாம். வானிலைக்காக நாள் முழுவதும் காத்திருந்து குதிக்காமலே திரும்புவது இதில் சாதாரணம் என்பதால், அப்படி நேர்ந்தால் கட்டணம் திரும்ப வருமா, வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு ரயில் டிக்கெட் எடுங்கள்.