பெங்களூருவில் மியூவான் எண்ணிக்கை ஏன் குறையவில்லை?

வணக்கம் ஐயா. ஜெயநகர் வீட்டு மொட்டைமாடியில் உங்கள் மகள் வைத்துள்ள கருவி எண்ணும் மியூவான்களின் (விண்வெளியிலிருந்து வரும் வேகத் துகள்களான அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது உண்டாகும் துகள்கள்) எண்ணிக்கை, சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருந்த 2024இலும் குறையவில்லை என்றும், அண்டக் கதிர்களை அளக்கும் ஃபின்லாந்தின் ஊலு நிலைய வரைபடத்தில் சரிவு தெளிவாகத் தெரிகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். கருவி பழுதென்று கருத வேண்டாம். காரணம் பெரும்பாலும் இடம்தான்.

நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் சூரியக் காற்று, சூரியனின் காந்தப்புலத்தையும் உடன் இழுத்துச் செல்கிறது. அப்புலத்தின் ஒழுங்கற்ற முறுக்குகளில் சிதறியும், விரியும் காற்றில் ஆற்றலை இழந்தும், அண்டக் கதிர்களில் ஒரு பகுதி நம்மை எட்டாமலே போகிறது. சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும்போது இத்தடுப்பு வலுக்கிறது. 2012 ஆகஸ்டில் வாயேஜர் 1 விண்கலம் இக்காற்றின் எல்லையைத் தாண்டியதும் அண்டக் கதிர்களின் எண்ணிக்கை சட்டென உயர்ந்தது. ஆனால் இத்தடுப்பு பெரிதும் பாதிப்பது சில கிகா எலக்ட்ரான்வோல்ட் (துகள் ஆற்றலின் அலகு) அளவிலான துகள்களையே. பெங்களூருவிலோ, செங்குத்தாக வரும் புரோட்டான்களில் (அண்டக் கதிர்களில் பெரும்பாலானவை இவையே) ஏறக்குறைய 17 கிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழ் உள்ளவற்றைப் புவியின் காந்தப்புலமே திருப்பிவிடுகிறது. ஆகவே சூரியன் அதிகம் மாற்றும் பகுதி இங்கே வந்து சேர்வதே இல்லை. துருவத்தை நெருங்கிய ஊலுவில் புவிக் காந்தப்புலத்தின் இத்தடை மிகக் குறைவு.

எஞ்சும் சிறு மாற்றத்தைக் காற்றழுத்தம் எளிதில் மறைத்துவிடும். நம் ஊரில் அழுத்தம் காலை பத்து மணியளவில் உயர்ந்து, மாலை நான்கு மணியளவில் தாழ்கிறது. அது உயரும்போது மியூவான்கள் குறையும். முதலில் எண்ணிக்கையில் அழுத்தத்தால் வரும் மாற்றத்தைத் திருத்துங்கள். மேலும், 10,000 மியூவான்களை எண்ணினாலும் 1 விழுக்காடு ஏற்ற இறக்கம் இயல்பு என்பதால், மணிக்கணக்கை விட்டு மாதச் சராசரிகளை ஒப்பிடச் சொல்லுங்கள்.