மேலே இருக்கும் சிவப்பு ஏன் இறங்கி வருகிறது?

அன்புள்ள ஐயா, வணக்கம். என் மகனுக்குப் பதினைந்து வயது, கணினியில் ஏர்பஸ் ஏ320 சிமுலேட்டரே கதி என்று கிடக்கிறான். திரையின் இடது ஓரத்தில் வேகம் காட்டும் பட்டை ஒன்று ஓடுகிறது. உயரம் ஏற ஏற அதன் மேல்பக்கத்துச் சிவப்பு-கறுப்புக் கட்டங்கள் கீழே இறங்கி வருகின்றன, ஏன் என்று கேட்கிறான். இன்னொன்று, சென்னைக்குப் போனபோது இருக்கைத் திரையில் மணிக்கு 830 கிலோமீட்டர் என்று பார்த்தோம். இவன் பட்டையில் 264 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) தான் வருகிறது, பெருக்கிப் பார்த்தால் 490 கிலோமீட்டர்கூட இல்லை. எது பொய்?
- ஒரு வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டுமே உண்மைதான். இருக்கைத் திரை தரைக்கு மேல் எவ்வளவு வேகம் என்று சொல்கிறது. பட்டைக்குத் தரையைப் பற்றிக் கவலையே இல்லை. மூக்குப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழாய்க்குள் காற்று எவ்வளவு அழுத்தமாக நுழைகிறதோ அதைத்தான் எண்ணாக்கித் தருகிறது. 35,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் உண்மையில் 450 நாட்டில் பறந்தாலும் குழாய்க்கு 264 அளவுக்குத்தான் உறைக்கும். இறக்கைக்கும் அதே மெலிந்த காற்றுதானே, ஆகவே விமானிக்கு வேண்டியது அந்த 264தான்.

சிவப்புக்கு வருவோம். ஏ320க்கு மேல் எல்லை இரண்டு: 350 நாட், ஒலியின் வேகத்தில் 0.82 பங்கு. கீழே பறக்கும்போது 350தான் முதலில் குறுக்கே நிற்கும். சுமார் 25,000 அடி தாண்டியதும் 0.82 முந்திக்கொள்கிறது, அந்த 0.82ஐப் பட்டையின் கணக்கில் எழுதினால் 35,000 அடியில் ஏறக்குறைய 280தான். தம்பி பார்த்தது அதைத்தான்.

பட்டையின் கீழ்ப்பக்கம் இருப்பதுதான் எனக்கு இன்னும் பிடித்த பகுதி. நான் சுபாங் விமான நிலையத்தில் கருவிப் பிரிவில் பயிற்சியில் இருந்த காலத்தில் எல்லாம் வட்ட டயல்தான். (பிட்டோ குழாயில் வாய்வைத்து ஊதி முள்ளை ஆட்டிப் பார்த்து வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது, ஊதினால் கருவியே கெட்டுவிடும்.) ஜெட் டயலில் மேல் எல்லைக்குக் கோடு போட்ட தனி முள் ஒன்று உண்டு, அது உயரத்துக்கேற்ப நகரும். கீழ் எல்லைக்கு ஒன்றுமே கிடையாது. விமானிகள் எடைக்கேற்ற அட்டையைப் பார்த்து, டயலின் விளிம்பில் இருக்கும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் குறிகளை விரலால் தள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான். இப்போது இறக்கை எந்தக் கோணத்தில் காற்றை எதிர்கொள்கிறது என்பதையும் உணர்ந்து கணினியே வரைந்துவிடுகிறது. ஆரஞ்சு கலந்த மஞ்சள் பட்டையின் உச்சிதான் வழக்கமாக இறங்கக்கூடாத வேகம், அதற்கும் கீழே மஞ்சள்-கறுப்பு, அதற்கும் கீழே முழுச் சிவப்பு. சிவப்பைத் தொட்டால் இறக்கை இனித் தாங்காது என்ற இடம். ஃப்ளாப் (இறக்கையின் பின்னோர மடல்) இறக்கினால் மஞ்சள் உச்சி கீழே போகும், வளைவில் நன்றாகச் சாய்த்தால் அடிச் சிவப்பு எழும்பி வரும்.

மஞ்சள் அம்பு ஒன்றும் எம்பிக் குதித்துக்கொண்டிருக்குமே, இப்படியே போனால் 10 விநாடியில் என்ன வேகத்தில் இருப்பாய் என்று அது காட்டுகிறது. போயிங்கில் அதுவே பச்சை. விடியற்காலையில் சுமத்ரா காற்று அடிக்கும் நாளில் பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்குகிற விமானி அந்த அம்பின் ஆட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

முக்கோணக் குறி குறிவைத்த வேகம். ஊதா கலந்த சிவப்பாக இருந்தால் கணினி தேர்ந்தது, நீலமானால் விமானியே திருகி வைத்தது. பச்சைப் புள்ளி, ஃப்ளாப் எல்லாம் மடக்கிய நிலையில் குறைந்த இழுவைக்கு நல்ல தூக்கல் கிடைக்கும் வேகம். சமக்குறி மாதிரி இரண்டு கோடு தெரிந்தால், அடுத்த படி ஃப்ளாப்பை அதற்குக் கீழே வந்த பிறகுதான் இறக்கலாம்.

தம்பியை ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். பாயான் லெப்பாஸில் இறங்கும்போது எடையை 55 டன் வைத்து மஞ்சள் உச்சி எந்த எண்ணில் நிற்கிறது என்று எழுதிக்கொள்ளட்டும், அப்புறம் 65 டன் வைத்து மறுபடி இறங்கட்டும். எத்தனை நாட் வித்தியாசம் என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள்.