பயற்றங்காய்க்குக் கூட்டுறவு எதற்கு?

கேள்வி: நிபோங் திபாலில் ஒன்றரை ஏக்கரில் பயற்றங்காய் போடுகிறேன். காய் வாங்கும் டவுக்கே (வியாபாரி) சொல்வதுதான் விலை. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து விற்கலாம் என்று பங்குப்பணம் கேட்கிறார்கள். சேர்ந்தால் விலை கூடுமா? விதைக்கும் உரத்துக்கும் டவுக்கேயிடம் முன்பணம் வாங்கியிருக்கிறேன்.

பதில்: கூடுதல் விலையை மட்டும் நம்பிச் சேராதீர்கள் ஐயா. உங்கள் கையைக் கட்டியிருப்பது காயின் இயல்பு. உளுந்தாக இருந்தால் காயவைத்து மூட்டை கட்டி, விலை ஏறும்வரை வைத்திருக்கலாம். பயற்றங்காயைத் தினமும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். இரண்டு நாள் தள்ளினால் விதை புடைத்துத் தோல் பஞ்சாகிவிடும். பறித்ததும் வாடத் தொடங்கும். அதனால் லோரி வைத்திருப்பவர் சொல்வதே விலையாகிறது.

சங்கத்தில் முதலில் மிச்சமாவது லோரிச் செலவு. ஒரு நடைக்கு 60 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மட்டும் 80 கிலோ அனுப்பினால் கிலோவுக்கு 75 சென். ஐந்து பேர் சேர்ந்து 400 கிலோ ஏற்றினால் 15 சென். அடுத்தது, பேரங்காடிக்குத் தினமும் ஒரே அளவு வேண்டும். தனி ஆளால் அது முடியாது. உறுப்பினர்கள் பத்து நாள் இடைவெளியில் மாறி மாறி விதைத்தால் முடியும்.

பேரங்காடி பணம் தர ஒரு மாதம்கூட ஆகலாம். உங்களுக்கோ வாராவாரம் கூலி கொடுக்க வேண்டும். பங்குப்பணம் அந்த இடைவெளியை நிரப்பவா, அலுவலக வாடகைக்கா என்று கேளுங்கள். வாடகைக்கு என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நம்மவர்கள் பங்கு வாங்கினார்கள். அந்தப் பங்குப்பணத்தில் வாங்கிய தோட்ட நிலம் அங்கேயே இருந்தது. விற்பனைச் சங்கம் அப்படியல்ல. காய் வராத அன்றே லோரி நஷ்டத்தில் ஓடும். வெளியே யாராவது கிலோவுக்கு 30 சென் கூட்டிக் கொடுத்ததும் நாலு பேர் அங்கே போய்விடுவதுதான் பல சங்கங்களைக் கவிழ்க்கிறது. எனவே ஒவ்வொருவரும் தினம் குறைந்தது எத்தனை கிலோ தர வேண்டும், தவறினால் எவ்வளவு பணம் கழிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்றும் முக்கியம். தினமும் பறிக்கும் பயிர் என்பதால், காய்ப்புழுவுக்கு மருந்து அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய நாளைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். ஒருவர் கூடையில் மருந்து எச்சம் தெரிந்தால் மொத்தச் சரக்கும் திரும்பிவரும். கூடைக்குக் கூடை உறுப்பினர் எண் ஒட்டி, மருந்தடித்த தேதியைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

மலேசியக் கூட்டுறவு ஆணையத்தில் பதிவான சங்கமா என்றும் பாருங்கள். பதிவானதென்றால், பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான்.

டவுக்கேயின் முன்பணத்தை முதலில் அடைத்துவிடுங்கள். கடனோடு சேர்ந்தால் அவர் கேட்கும் நாளில் சங்கத்துக்குத் தருவதாகச் சொன்ன காயைத்தான் அவருக்குக் கொடுக்க வேண்டிவரும். கடன் தீர்ந்ததும் முதல் பருவத்தில் பறிப்பில் பாதியைச் சங்கத்துக்குக் கொடுங்கள். வாராவாரம் பணம் தவறாமல் வந்தால் அடுத்த விதைப்பில் அளவைக் கூட்டலாம்.