கரீபியன் தீவுக்கு நாயை விமானத்தில் கூட்டிப் போக ரத்தப் பரிசோதனை எதற்கு?

‘ரேபிஸ் தடுப்பூசி போட்டாயிற்றே, அப்புறம் டைட்டர் டெஸ்ட் ஏன்?’ என்று பலர் கேட்கிறார்கள். தடுப்பூசிக்குப் பின் நாயின் ரத்தத்தில் போதிய எதிர்ப்புச் சக்தி உருவாகியிருக்கிறதா என்று அளப்பதே அந்தச் சோதனை. மில்லிலிட்டருக்குக் குறைந்தது 0.5 சர்வதேச அலகு இருக்க வேண்டும்.

ரேபிஸ் கிருமி உடம்பில் புகுந்தாலும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வெளியே தெரியாது. பார்க்க நாய் துறுதுறுவென்றே இருக்கும். பார்படோஸ் போன்ற தீவுகளில் ரேபிஸ் இல்லை, ஆனால் கீரிகள் நிறைய. கரும்புத் தோட்டத்து எலிகளைப் பிடிக்க 1872-இல் இந்தியாவிலிருந்து ஜமைக்காவுக்குக் கொண்டுபோன கீரிகள் பிறகு பல தீவுகளுக்கும் பரவின. கிரெனடாவில் அந்தக் கீரிகளிடமே ரேபிஸ் இருக்கிறது. காட்டுக் கீரிகளுக்குள் நோய் புகுந்துவிட்டால் துடைத்தெடுப்பது மிகக் கடினம். அதனால்தான் இவ்வளவு கெடுபிடி. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

வரிசை முக்கியம்: முதலில் மைக்ரோசிப் (நாயின் தோலுக்கடியில் வைக்கும், அடையாள எண் கொண்ட சிறு சில்லு), பிறகு தடுப்பூசி, அதன்பின் ரத்தம் எடுப்பது. சிப் இல்லாமல் போட்ட ஊசி, பதிவு எண் எழுதாத விடைத்தாள் மாதிரி. எல்லாம் சரியாக இருந்தாலும் யாருடையது என்று சொல்ல முடியாது. மற்றபடி விதிகள் தீவுக்குத் தீவு மாறும்.

விமான நிறுவனம் நாய்க்கு டிக்கெட் கொடுத்துவிட்டால் தீவும் அனுமதித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த அனுமதியை அங்குள்ள அரசு கால்நடைத் துறையிடம் முன்கூட்டியே தனியாக வாங்க வேண்டும்.