பழைய ராணுவ வண்டிகளை ஏன் பண்ணையில் வைக்கிறார்கள்?

இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப், லாரிகளைச் சேகரிப்பவர்கள் ஏன் அவற்றைப் பண்ணையில் போடுகிறார்கள், அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் காரணம் இடம்தான். ஜீப்பின் எடை ஒரு டன் சொச்சம், வீட்டு கராஜிலேயே அடங்கிவிடும். இரண்டரை டன் சுமை ஏற்றும் ஜிஎம்சி நிறுவன லாரியை எங்கே நிறுத்துவது? பண்ணையில் உயரமான கொட்டகை இருக்கும், இழுக்க டிராக்டர் இருக்கும், சுத்தியல் சத்தத்துக்குச் சண்டை பிடிக்க அக்கம்பக்கத்தில் ஆள் இருக்காது.

ஆனால் கொட்டகை மழையைத் தடுக்குமே தவிர ஈரக்காற்றைத் தடுக்காது. தார்ப்பாயை இறுக்கிப் போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கித் துரு ஏறும். எலி ஒயரைக் கடிக்கும். பெட்ரோலும் ஒரு தலைவலி: 2021 முதல் அங்கே வழக்கமாகக் கிடைப்பதில் 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கலாம். பழைய ரப்பர் குழாய்கள் அதற்குத் தாங்காது, மாற்றிவிடுவது நல்லது.

வில்லிஸ் நிறுவனம் செய்த ஜீப்பில் கை வைக்கும்போது சக்கரத்தில் கவனம் வேண்டும். இடப்பக்க நட்டுகள் தலைகீழ் மரை கொண்டவை. தெரியாமல் வழக்கம்போல் திருகினால் போல்ட் முறியும். அதைவிட ஆபத்து, போர்க்கால ரிம். இரண்டு பாதிகளை எட்டு நட்டுகள் பிடித்திருக்கும். காற்றை முழுசாக இறக்காமல் அவற்றைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பறக்கும், ஆள் காலி.

அப்புறம், ஃபோர்டு செய்த ஜீப்பா என்று பார்க்க போல்ட் தலையில் 'எஃப்' எழுத்தைத் தேடுங்கள். சேகரிப்பவர்களுக்கு அதில் ஒரு பைத்தியமே உண்டு.